1,350 டாலருக்கு ஏலம் போன சரித்திரம்! பாஸ்டனில் பிழைத்த கட்டடங்களும் பிழைக்காதவையும்

1876-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து நூறாவது ஆண்டு. நாடே கொடியும் தோரணமுமாகக் கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த மாதம் 8-ம் தேதி, சுதந்திரப் போராட்டத்துக்கு விதை போட்ட பாஸ்டன் நகரத்தில், கூர்கோபுரம் வைத்த ஒரு செங்கல் கட்டடம் ஏலத்துக்கு வந்தது. நிலம் ஏலத்தில் சேராது. செங்கல், மரம், ஜன்னல் சட்டம், இவ்வளவுதான் சரக்கு. பழைய சாமான் விலைக்கு, 1,350 டாலருக்கு ஏலம் முடிந்தது. எடுத்தவருக்கு ஒரு நிபந்தனை: அறுபது நாளுக்குள் இடித்து அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும்.

அந்தக் கட்டடத்தின் பெயர் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ். இன்று பாஸ்டனுக்குப் போகிற எந்தச் சுற்றுலாப் பயணியும் அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவில், சாலை முனையில், மணிக்கூண்டோடு நிற்கிறது. ‘அமெரிக்கர்கள் எவ்வளவு அக்கறையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்!’ என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். அந்த அக்கறை இயல்பாக வந்ததல்ல என்பதுதான் இந்த நகரத்துக் கதையின் சுவாரஸ்யமே.

தேநீரில் தொடங்கிய கலகம்

1729-ல் கட்டப்பட்ட பிரார்த்தனைக் கூடம் அது. அந்தக் காலத்துப் பாஸ்டனில் அதிகம் பேர் உட்காரக்கூடிய கூடமும் அதுதான். அதனால் ஊர்க்கூட்டம் பெரிதாகி வேறு இடம் கொள்ளாமல் போனால், எல்லோரும் இங்கே வந்துவிடுவார்கள். அடிமையாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, பிறகு ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் புத்தகமே வெளியிட்ட கறுப்பினப் பெண் ஃபிலிஸ் வீட்லி இந்தச் சபையைச் சேர்ந்தவர்.

1773 டிசம்பர் 16 அன்று நடந்த கூட்டம்தான் உலகப் பிரசித்தம். துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் தேயிலை வந்து நிற்கிறது. சரக்கு யாருடையது? நம் சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்திய கம்பெனியுடையதுதான்! நஷ்டத்தில் தள்ளாடிய கம்பெனியைத் தூக்கிவிட லண்டன் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டிருந்தது. தேயிலையை இறக்கினால் வரி கட்டியாக வேண்டும். எங்கள் பிரதிநிதி இல்லாத பார்லிமென்ட் போட்ட வரியை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கொதித்தது ஊர். சுமார் 16,000 பேர் வசித்த நகரத்தில் 5,000 பேர் இந்தக் கூடத்திலும் வாசலிலுமாகத் திரண்டார்கள். பேச்சு தோற்றது. அன்று இரவே, செவ்விந்தியர் வேஷம் போட்ட கூட்டம் துறைமுகத்துக்குப் போய், சுமார் 340 பெட்டித் தேயிலையை உடைத்துக் கடலில் கொட்டியது.

ஆங்கிலேயப் படை இதை மறக்கவில்லை. 1775-ல் நகரம் அவர்கள் பிடியில் இருந்தபோது, கூடத்தின் மர இருக்கைகளைப் பெயர்த்து அடுப்பெரித்தார்கள். தரையில் மண்ணைக் கொட்டிக் குதிரைப் பயிற்சிக் கொட்டகையாக்கினார்கள். அதையும் தாங்கிக்கொண்டு, ஊர்க்காரர்கள் திரும்பி வந்து செப்பனிடும் வரை அது நின்றது.

அடுத்த கண்டம் 1872 நவம்பரில். பாஸ்டன் வணிக வட்டாரமே இரண்டு நாள் எரிந்தது. 776 கட்டடங்கள் சாம்பல். தீ ஓல்ட் சவுத்தின் கூரையை எட்டிப் பிடிக்கிற நேரத்தில், பக்கத்து மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத் ஊரிலிருந்து ‘கியர்சார்ஜ்’ என்ற நீராவித் தீயணைப்பு இயந்திரம் வந்து சேர்ந்தது. கட்டடம் தப்பியது.

ஆனால், படையும் தீயும் செய்ய முடியாததை நிலத்தின் விலை செய்யப் பார்த்தது. தீ விபத்துக்குப் பிறகு சபையினர் நகரத்தின் புதுப் பகுதியில் வேறு ஆலயம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய இடமோ வணிக வட்டாரத்தின் நட்ட நடுவில் இருந்தது. நிலத்துக்கு மட்டும் 4,00,000 டாலர் மதிப்பு. சபையினரைக் குற்றம் சொல்லவும் முடியாது. புது ஆலயத்துக்குப் பட்ட கடன் அவர்கள் தலையில் இருந்தது.

ஏலம் எடுத்தவரின் ஆட்கள் கோபுரத்தில் கைவைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது ஓர் ஆயத்த ஆடை வியாபாரி குறுக்கே வந்தார். காசு கொடுத்து ஏழு நாள் அவகாசம் வாங்கினார். கோபுரத்தில் பெரிய பதாகை கட்டித் தொங்கவிட்டார். (கடைக்கு விளம்பரமும் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்; அதனால் என்ன?) அந்த வாரத்திலேயே கூடத்துக்குள் மாபெரும் பொதுக்கூட்டம் கூடியது. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளர் வெண்டல் ஃபிலிப்ஸ், அந்தச் சுவர்களுக்காக வாதாடினார்.

காரியத்தை முடித்தது பேச்சு அல்ல. பாஸ்டன் பெண்கள் இருபது பேர் சேர்ந்து, கட்டடத்தை 3,500 டாலருக்கு வாங்கினார்கள். இடித்து எடுத்துப்போகிற உரிமையைத்தான் அவர்களும் வாங்கினார்கள். முதலில் இடி விழாமல் நிறுத்த வேண்டுமே! நிலத்துக்கான பணத்தைப் பிறகு தேட ஆரம்பித்தார்கள். கண்காட்சி, இலக்கிய வாசிப்பு, நன்கொடை என்று எல்லா வழியும் பார்த்தார்கள். எமர்சன், லாங்ஃபெல்லோ, லூயிசா மே ஆல்காட் போன்ற எழுத்தாளர்கள் துணை நின்றார்கள். மேரி ஹெமன்வே என்ற சீமாட்டி ஒருவரே 1,00,000 டாலர் கொடுத்தார். பாஸ்டன் பள்ளிக்கூடங்களில் தையலையும் சமையலையும் பாடமாகக் கொண்டுவரத் தன் கைப்பணத்தைச் செலவழித்தவரும் இவர்தான். மீட்ட கூடத்தைப் பூட்டி வைக்காமல், அங்கே சிறுவர்களுக்குச் சரித்திர வகுப்புகள் நடத்த ஏற்பாடு செய்தார். அந்தப் பெண்களில் ஒருவருக்குக்கூட அன்று அமெரிக்காவில் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டுப்போட உரிமை கிடையாது.

முதலில் ஒன்று போக வேண்டியிருந்தது

பாஸ்டன்காரர்களுக்குத் திடீரென்று ஏன் இந்த வேகம்? பதின்மூன்று வருஷம் முன்னால் ஒன்றைப் பறிகொடுத்திருந்தார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக் வாழ்ந்த கல் மாளிகை, பீக்கன் ஹில் குன்றின் மேல் இருந்தது. அரசாங்கம் வாங்கிப் பாதுகாக்கட்டும் என்று பேச்சு நடந்து, அது கைகூடவில்லை. 1863-ல் இடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு துண்டை நினைவுப்பொருளாக எடுத்துப்போனார்கள். இடித்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. ஓல்ட் சவுத்தைக் காப்பாற்றக் கூடியவர்கள் மனத்தில் அந்தக் காலி மனை இருந்தது.

ஓல்ட் சவுத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ். 1713-ல் கட்டியது. ஆங்கிலேய கவர்னரின் சபை கூடிய இடம். இதன் வாசலில்தான் 1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டு ஐந்து பேரைக் கொன்றார்கள். இதன் பால்கனியிலிருந்துதான் 1776 ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனத்தை பாஸ்டன் மக்களுக்கு வாசித்தார்கள். கேட்டு முடித்த கையோடு, கூரையில் நின்ற சிங்கம், ஒற்றைக் கொம்புக் குதிரை ஆகிய இரண்டு அரச சின்னங்களையும் இறக்கிக் கொளுத்தினார்கள்.

இவ்வளவு பெருமை கொண்ட கட்டடத்தை நூறு வருஷம் கழித்து எப்படி வைத்திருந்தார்கள் தெரியுமா? அறை அறையாகக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவர் தெரியாத அளவுக்கு விளம்பரப் பலகைகள். போக்குவரத்துக்கு இடைஞ்சல், இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்போது சிகாகோவிலிருந்து ஒரு குரல்: “உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களிடம் கொடுங்கள். செங்கல் செங்கலாகப் பெயர்த்து எடுத்துப்போய் மிச்சிகன் ஏரிக்கரையில் கட்டிக்கொள்கிறோம்!” பாஸ்டனுக்கு ரோஷம் வந்தது. 1881-ல் அதற்காகவே ஒரு சங்கம் கிளம்பியது. மறுவருஷமே கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும்கூடப் புதிதாகச் செய்யப்பட்டுக் கூரைக்குத் திரும்பின. சுதந்திரத்தின் 200-ம் ஆண்டில், 1976-ல், இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் அதே பால்கனியில் நின்று ஜனங்களுக்குக் கையசைத்தார்.

சிங்கத்தின் தலைக்குள் ஒரு ரகசியமும் இருந்தது. 2014-ல் அதைப் பழுதுபார்க்க இறக்கியபோது, உள்ளே ஒரு செப்புப் பெட்டி. 1901-ல் வைத்தது. பத்திரிகைத் துணுக்குகள், புகைப்படங்கள், சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். கட்டடத்தின் அடித்தளத்திலோ இன்னொரு வேடிக்கை: 1904 முதல் சுரங்க ரயில் நிலையத்தின் வாசலாக இருக்கிறது. கவர்னர் மாளிகைக்குக் கீழே இறங்கி ரயில் பிடிப்பது இங்கே அன்றாட வேலை.

பால் ரிவியர் வீட்டின் கதையும் இதே ரகம். ஆங்கிலேயப் படை கிளம்பிவிட்டது என்று 1775-ல் இரவோடு இரவாகக் குதிரையில் போய் எச்சரித்தவர் ரிவியர். தொழிலோ வெள்ளிப் பாத்திரம் செய்வது. சுமார் 1680-ல் கட்டிய அவரது மரவீடு, பின்னாளில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடித்தனமாகியது. கீழ்த்தளத்தில் மிட்டாய்க் கடை, சுருட்டுத் தொழிற்சாலை, காய்கறி வியாபாரம் எல்லாம் நடந்தன. 1902-ல் இடிபடப் போகிறது என்ற நிலையில் ரிவியரின் கொள்ளுப்பேரன் ஒருவர் வாங்கினார். 1908-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

சுதந்திரத் தொட்டிலின் மறுபக்கம்

ஃபேனியல் ஹாலை அமெரிக்கர்கள் ‘சுதந்திரத் தொட்டில்’ என்று கொஞ்சுவார்கள். கீழே சந்தை, மேலே கூட்டம் கூடும் மண்டபம். உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக ஒரு பொன்னிற வெட்டுக்கிளி. 1742-ல் இதைக் கட்டி நகரத்துக்குப் பரிசாகக் கொடுத்தவர் பீட்டர் ஃபேனியல் என்ற வணிகர். அவருடைய வியாபாரங்களில் அடிமை வணிகமும் ஒன்று. இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் பாஸ்டனில் ஓயவில்லை.

அந்த முரண்பாட்டுக்குப் பதில் சொல்வதுபோல, பீக்கன் ஹில்லின் வடக்குச் சரிவில் ஆஃப்ரிக்கன் மீட்டிங் ஹவுஸ் நிற்கிறது. சுதந்திரமான கறுப்பின மக்கள், பெரும்பாலும் தங்கள் உழைப்பாலேயே, 1806-ல் எழுப்பிய ஆலயம். அமெரிக்காவில் இன்று எஞ்சி நிற்கும் கறுப்பின ஆலயக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். 1832-ல் வில்லியம் லாயிட் கேரிசன் தம் அடிமை ஒழிப்புச் சங்கத்தை இங்கேதான் தொடங்கினார். பிறகு யூதர்களின் வழிபாட்டுக்கூடமாக மாறி, 1972-ல் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது. கோபுரமில்லை, தங்கத் தகடில்லை. மேலே குன்றின் உச்சியில் சார்லஸ் புல்ஃபின்ச் கட்டிய மாநிலச் சட்டமன்றத்தின் தங்கக் கலசம் தகதகக்க, இது சந்துக்குள் அடக்கமாக இருக்கிறது. (அந்தக் கலசமும் முதலில் வெறும் மரம்தான். ஒழுகியதால் 1802-ல் ரிவியரின் கம்பெனி செப்புத் தகடு போர்த்தியது. 1874-ல்தான் தங்கம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்குத் தெரியக் கூடாதென்று சாம்பல் நிறச் சாயம் பூசினார்கள்.)

பாஸ்டன் வணிகர்களைப் பற்றிப் பேசும்போது ஒருவரை விட்டுவிட முடியாது: ஃபிரெடரிக் டியூடர். ஊர்ச் சுற்றுப்புறக் குளங்கள் குளிர்காலத்தில் உறையும்போது பாளம் பாளமாக ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதித்துக் கப்பலேற்றி விற்றவர். 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக்கு வந்த ஐஸைச் சேமித்து வைக்க 1842-ல் கடற்கரையோரம் வட்ட வடிவில் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் மெரினாவில் இருக்கிற ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் கிடங்குகள் மறைந்துவிட்டன. சென்னையில் இருப்பது மட்டும் மிச்சம்.

தண்ணீரில் நிற்கும் கோயில்

பாஸ்டனின் பேக் பே பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை கடல்நீர் ஏறி இறங்கிய சேற்று நிலம். சுமார் 14 கிலோமீட்டர் தள்ளியிருந்த நீடம் என்ற ஊரிலிருந்து ரயில் ரயிலாகச் சரளை மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினார்கள். அந்தப் பொதபொத மண்ணில் கல் கட்டடம் எப்படி நிற்கும்? நீளமான மரத்தடிகளைக் கீழே கெட்டியான அடுக்கு வரை அடித்து இறக்கி, அவற்றின் தலையில் அஸ்திவாரத்தை உட்கார வைத்தார்கள். 1877-ல் முடிந்த ட்ரினிட்டி சர்ச்சுக்கு மட்டும் சுமார் 4,500 மரத்தடிகள். கட்டியவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். கரடுமுரடான கல், அரைவட்ட வளைவுகள், நடுவில் கனத்த கோபுரம் என்ற அவருடைய பாணி அமெரிக்கா முழுக்கப் பரவி, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

மரம் மக்கிப் போகாதா? போகாது, தண்ணீருக்குள் முழுக மூழ்கியிருக்கும் வரை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும்; நீருக்குள் அது கிடைக்காது. நிலத்தடி நீர் ஓர் அடி இறங்கி மரத்தின் தலை வெளியே தெரிந்தாலே ஆபத்து. சர்ச்சுக்கு எதிரே, வாசலில் ‘அனைவருக்கும் இலவசம்’ என்று பொறித்து 1895-ல் திறந்த பாஸ்டன் பொது நூலகத்தில் 1929-ல் விரிசல் கண்டது. தோண்டிப் பார்த்தால் மரத்தடிகளின் தலைகள் உளுத்திருந்தன. வெட்டியெடுத்து மாற்றினார்கள். இன்றும் இந்தப் பகுதி முழுக்கக் கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி நீர்மட்டத்தை அளந்தபடி இருக்கிறார்கள். வீடு வாங்குகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தடியின் நிலைமையைக் கேட்பது இங்கே புத்திசாலித்தனம்.

இந்தச் சர்ச்சின் தோள் உரசும் தூரத்தில்தான் ஜான் ஹான்காக் டவர் எழுந்தது. ஐ.எம். பெய் நிறுவனத்தின் ஹென்றி காப் வடிவமைத்த 60 மாடிக் கண்ணாடிக் கோபுரம். உயரம் 241 மீட்டர். அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோதே சுற்றியிருந்த மண் நகர்ந்து, ட்ரினிட்டி சர்ச் சேதமானது. சர்ச் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு பெற்றது. 1973 ஜனவரியில் இன்னொரு தலைவலி. காற்றடித்தால் கண்ணாடிகள் பெயர்ந்து விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல்! பலத்த காற்று வீசும் நாட்களில் போலீஸ் தெருவைக் கயிறு கட்டி மறித்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விழுந்த இடங்களில் ஒட்டுப்பலகை அடித்ததால் ‘ப்ளைவுட் பேலஸ்’ என்று ஊர் கேலி செய்தது. இரட்டைக் கண்ணாடிகளை ஒட்டிய ஈயப் பற்று இம்மிகூட வளைந்து கொடுக்கவில்லை. காற்றின் அசைவில் விரிசல் கண்ணாடிக்குப் பரவியது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். ஆட்டத்தைக் குறைக்க 58-வது மாடியில் தலா 300 டன் எடையில் இரண்டு நகரும் பாரங்களை வைத்தார்கள். இன்று அந்தக் கண்ணாடிச் சுவரில் ட்ரினிட்டி சர்ச்சின் பிம்பம் விழும் காட்சிதான் பாஸ்டனில் அதிகம் எடுக்கப்படும் புகைப்படங்களில் ஒன்று.

யாரும் கேட்காத வீடுகள்

ஓல்ட் சவுத்துக்குச் சீமாட்டிகள் இருந்தார்கள். வெஸ்ட் எண்டுக்கு யார் இருந்தார்கள்? இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் என்று பல நாட்டுக் குடியேறிகள் வாடகை வீடுகளில் வாழ்ந்த பகுதி அது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ஸ்பாக் வேடத்தில் நடித்த லியோனார்ட் நிமாய் இங்கே வளர்ந்தவர்தான். ‘சேரி’ என்று முத்திரை குத்தி, 1950-களின் கடைசியில் புல்டோசரை விட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அந்த இடத்தில் வசதியானவர்களுக்கு உயரமான அடுக்குமாடிகள் வந்தன. இடிபடுவதற்குச் சற்று முன் அங்கே குடியிருந்து ஆய்வு செய்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், அது சேரியல்ல, உயிரோட்டமுள்ள ஒரு கிராமம் போன்ற சமூகம் என்று எழுதினார். அவர் புத்தகம் வெளிவந்தது 1962-ல். காலம் கடந்துவிட்டது.

அதே வட்டாரத்தின் விளிம்பில், 1796-ல் பணக்கார வழக்கறிஞர் ஒருவருக்காக புல்ஃபின்ச் கட்டிய ஓட்டிஸ் மாளிகை பத்திரமாக இருக்கிறது. 1925-ல் தெருவை அகலப்படுத்தியபோது அந்த முழு வீட்டையும் நகர்த்திப் பின்னால் வைத்தார்கள்! ஒரு மாளிகையை நகர்த்த முடிந்த ஊரில், ஒரு பேட்டை முழுவதையும் துடைத்தெறியவும் முடிந்தது. பழைய வாடகைக் குடியிருப்புகளில் லோமஸ்னி வே தெருவில் ஒன்றே ஒன்று மிச்சம். இரு பக்கமும் வெறிச்சோட, பல் விழுந்த வாயில் ஒற்றைப் பல்போல நிற்கிறது. ‘கடைசிக் குடியிருப்பு’ என்றே அதற்குப் பெயர்.

பக்கத்தில் ஸ்கோலே ஸ்கொயர் என்ற கேளிக்கை வட்டாரத்தையும் இடித்து, 1968-ல் புதிய நகர மன்றம் கட்டினார்கள். பூசாத கான்கிரீட், தலைகீழாகக் கவிழ்த்த படிக்கட்டு மாதிரி ஒரு தோற்றம். கட்டடக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். ஊர் ஜனம் முகம் சுளித்தது. உலகின் அசிங்கமான கட்டடங்கள் என்று பட்டியல் போட்டால் தவறாமல் இடம்பிடித்தது. 2006-ல் மேயரே இதை விற்றுவிட்டு வேறு இடம் போகலாம் என்றார். விற்கவில்லை. 2025-ல் பாஸ்டன் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. பிடிக்காதவர்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை!

பாஸ்டனுக்குப் போகிறவர்களுக்கு...

நடைபாதையில் பதித்த சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். ‘ஃப்ரீடம் டிரெயில்’ என்று பெயர். 1951-ல் ஒரு பத்திரிகையாளர் சொன்ன யோசனை. சுமார் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். ஓல்ட் சவுத்தையும் ஓல்ட் ஸ்டேட் ஹவுஸையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். பொது நூலகத்துக்குக் கட்டணம் இல்லை. சட்டமன்றத்தை வார நாட்களில் இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள். ஆஃப்ரிக்கன் மீட்டிங் ஹவுஸ் சிவப்புக் கோட்டில் வராது. அதற்கு ‘பிளாக் ஹெரிட்டேஜ் டிரெயில்’ என்று தனி வழி உண்டு. கடைசிக் குடியிருப்பு எந்த வழியிலும் வராது. நார்த் ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும்.